சோழவந்தானில் குடியிருந்து பார்த்ததில்

மதுரையில் வேலை, சோழவந்தானில் வீடு என்று சில வருடங்களாக ஓடுகிறது. "ஆத்தங்கரை ஊரு, கொடுத்து வச்சவன்" என்பார்கள் அலுவலகத்தில். ஆறு இருக்கிறது, சரி. ஆனால் பல மாதங்கள் அது மணலும் சீமைக்கருவேலமும்தான். வைகையை நம்பி இங்கே வராதீர்கள். வாய்க்காலை நம்பி வரலாம்.

பெரியாறு கால்வாயில் பேரணை முதல் கள்ளந்திரி வரையிலான இருபோகப் பாசனப் பகுதியில் இருக்கிறது ஊர். கால்வாயில் தண்ணீர் ஓடும் மாதங்களில் தெருவின் சூடே குறைந்துவிடும். போர் நன்றாக ஊறும், மோட்டாரைப் போட்டால் தொட்டி மளமளவென்று நிறையும். பங்குனி பிறந்ததும் அதே மோட்டார் வெறும் காற்றைக் கக்கும். வருகிற கொஞ்சத் தண்ணீரும் உப்பு, பருப்பு வேகாது. கேன் தண்ணீர்தான் கதி.

சித்திரைத் திருவிழாவுக்கு வைகை அணையைத் திறப்பது மதுரைக்காக. எங்களைத் தாண்டித்தானே போயாக வேண்டும்! "ஆத்துல தண்ணி விட்டுட்டாய்ங்கண்ணே" என்று பக்கத்து வீட்டுப் பையன் கத்தினால் தெருவே கரைக்குப் போகும். முதலில் வருவது நுரையும் சருகும் பிளாஸ்டிக் பாட்டிலும். அதைத் தள்ளிக்கொண்டு பின்னால் தண்ணீர். சித்ரா பௌர்ணமியை ஒட்டி எங்கள் ஜெனக நாராயணப் பெருமாளும் கள்ளழகர் கோலத்தில் ஆற்றில் இறங்குவார். மதுரைக் கூட்டத்தில் மிதிபட முடியாதவர்களுக்கு இது போதும் என்பேன்.

எனக்கு இந்த ஊரில் பிடித்தது கொடிக்கால்கள்தான். அகத்தியை வரிசையாக நட்டு வெற்றிலைக் கொடியை அதில் ஏற்றிக் கட்டியிருப்பார்கள். உச்சி வெயிலிலும் உள்ளே ஈரமும் அரையிருட்டுமாக இருக்கும், வெற்றிலை வாசம் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் இலை கிள்ள ஆள் கிடைப்பதில்லை என்ற புலம்பல் மட்டும் ஓயவில்லை. சில கொடிக்கால்களில் வாழை ஏறிவிட்டது, சிலவற்றில் பிளாட்டுக் கல்.

போக்குவரத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பயணிகள் ரயில் நேரம் ஒத்துவந்தால் சமயநல்லூர், கூடல்நகர், மதுரை என்று உட்கார்ந்தே போகலாம். பஸ் கூட்டம். இரவில்தான் சிக்கல். கடைசி பஸ்ஸை விட்டால் ஆட்டோக்காரர் சொன்னதுதான் விலை. ஒரு நடுராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் என்று உள்ளூரில் ஒரு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். "மதுரைக்குக் கொண்டு போயிருங்க" என்றார்கள், அவ்வளவுதான். வயதானவர்களோடு குடிவர நினைப்பவர்கள் தெருவில் யாரிடம் கார் இருக்கிறது என்று முதலிலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நல்லவேளை, கதவைத் தட்டினால் எழுந்து வருகிற ஜனங்கள்.

வாடகை குறைவு. மதுரையில் ரெண்டு ரூமுக்குக் கொடுப்பதில் இங்கே வாசல், கொல்லை, ஒரு தென்னையும் சேர்ந்து கிடைக்கும். ஆனால் வீடு பார்க்க ஐப்பசியில் வராதீர்கள், ஊரே பச்சையாக இருந்து மயக்கிவிடும். மே மாதம் ஒரு மத்தியானம் வாருங்கள். மோட்டாரைப் போடச் சொல்லி, கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.