பெயர் ஜூமுக்கு, பில் யாருக்கு?

தங்கை நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் பார்க்கும்போது, மூன்று ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் சேர்ந்து பேச வேண்டியிருந்தது. "தம்பி, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு ஜூம் போட்டுடுப்பா" என்றார் சித்தப்பா. நான் அனுப்பியது கூகுள் மீட் லிங்க். காரணம் எளிது. இலவசமாகப் பேசினால் ஜூமில் 40 நிமிஷம், மீட்டில் ஒரு மணி நேரம். மண்டபப் பேச்சு எங்கள் வீட்டில் 40 நிமிஷத்தில் முடியாது. பேசி முடித்த பிறகு சித்தப்பாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்: "ஜூம் நல்லா கிளியரா இருந்துச்சு."

தன் பெயரே வினைச்சொல்லாகிப்போன ஒரு நிறுவனத்துக்கு அந்தப் பெயரால் வருகிற காசு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

ஜூமின் நிதியாண்டு ஜனவரியில் முடிகிறது. 2020 ஜனவரியில் முடிந்த ஆண்டின் வருமானம் சுமார் 62 கோடி டாலர். கொரோனா வந்தது, அடுத்த ஆண்டு 265 கோடி. அதற்கடுத்த ஆண்டு 410 கோடி. அப்புறம் 439, 453, 467. கடைசி மூன்று எண்களைப் பாருங்கள், ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் மாட்டு வண்டி வேகத்தில். 2019 ஏப்ரலில் 36 டாலருக்கு வெளியிட்ட பங்கு, 2020 அக்டோபரில் 550 டாலரைத் தாண்டியது. 2023 முதல் 2025 வரை 100 டாலரைத் தொடவே இல்லை. உச்சத்தில் வாங்கியவர்களிடம் இதைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருப்பது நல்லது.

எதிரில் நிற்பது மைக்ரோசாஃப்ட்டின் வீடியோ மீட்டிங், அரட்டைச் செயலியான டீம்ஸ். ஹோட்டலில் மீல்ஸோடு வரும் அப்பளம் மாதிரி அது. அப்பளம் எப்படி இருக்கிறது என்று பார்த்து யாரும் மீல்ஸ் டோக்கன் வாங்குவதில்லை. வேர்டும் எக்ஸெலும் அவுட்லுக்கும் வேண்டும் என்று கம்பெனி சந்தா கட்டுகிறது, டீம்ஸ் தட்டில் வந்து விழுகிறது. 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்குப்படி மாதம் 32 கோடி பேர் பயன்படுத்துகிறார்கள். ஜூம் எதிர்வரிசையில் அப்பளத்தை மட்டும் பொரித்து விற்கும் கடை. மொறுமொறுப்பு அங்கேதான் அதிகம் என்பது என் கட்சி. ஆனால் கம்பெனியின் கணக்குப் பிள்ளைக்கு மொறுமொறுப்பு முக்கியமில்லை. "இதற்கு ஏன் தனியாகக் காசு?" என்று ஒரு வரி எழுதினால் போதும், சந்தா போய்விடும்.

இப்படிச் சேர்த்து விற்பது நியாயமா என்று 2020-ல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது ஜூம் அல்ல, ஆபீஸ் அரட்டைச் செயலி விற்கும் ஸ்லாக். 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் ஐரோப்பாவில் டீம்ஸைப் பிரித்தது, 2024 ஏப்ரலில் உலகம் முழுக்க. பிரித்த விதம்தான் வேடிக்கை. ஐரோப்பாவில் பெரிய நிறுவனங்களுக்கு, டீம்ஸ் வேண்டாம் என்றால் ஆளுக்கு மாதம் 2 யூரோ குறைப்பு, தனியாக வாங்கினால் 5 யூரோ. அப்பளத்தைத் திருப்பிக் கொடுத்தால் எட்டணா தள்ளுபடி! 2025 செப்டம்பரில் ஆணையம் இந்த விலை இடைவெளியை அதிகமாக்க வைத்து, வழக்கை முடித்தது. ஜூமுக்கு இதனால் பெரிய லாபம் வரும் என்று நான் நம்பவில்லை. ஆபீஸ் முழுக்க ஒன்றில் பழகிவிட்டால், சட்டம் கதவைத் திறந்து வைத்தாலும் யார் எழுந்து போகிறார்கள்?

கூகுள் மீட்டுக்கும் இதே சூத்திரம், ஜிமெயில் பக்கத்திலிருந்து. இன்னொரு மீட்டிங் மென்பொருளான வெப்எக்ஸ் பற்றி ஒரு வரி: 2007-ல் சிஸ்கோ 320 கோடி டாலருக்கு வாங்கியது, அங்கிருந்து 2011-ல் வெளியே வந்த எரிக் யுவான் தொடங்கியதுதான் ஜூம். நம்ம சென்னை ஜோஹோவும் மீட்டிங் விற்கிறது, அதுவும் தொகுப்போடுதான். பங்குச்சந்தையில் இல்லாத நிறுவனம் என்பதால் காலாண்டுக்கு ஒருமுறை யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. யுவானுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஏஐ விஷயத்தில் மைக்ரோசாஃப்ட், கூகுள், ஜூம் மூவரும் எடுத்த வழியைப் பார்த்தால் யாருக்கு எங்கே வலிக்கிறது என்று புரியும். மீட்டிங் முடிந்ததும் சாராம்சம் எழுதித் தரும் கோபைலட்டுக்குப் பெரிய நிறுவனங்களிடம் மைக்ரோசாஃப்ட் வைத்த விலை ஆளுக்கு மாதம் 30 டாலர். கூகுள் 2025 ஜனவரியில் தன் ஏஐயான ஜெமினியை, மீட்டும் ஜிமெயிலும் அடங்கிய ஒர்க்ஸ்பேஸ் தொகுப்பிலேயே சேர்த்துவிட்டு, சந்தாவை ஏற்றியது. ஜூம் 2023-லேயே தன் ஏஐயைக் கட்டணச் சந்தா உள்ளவர்களுக்குத் தனிக் காசு கேட்காமல் கொடுத்துவிட்டது. தாராள மனசு என்று நினைக்காதீர்கள். போகிற வாடிக்கையாளரைப் பிடித்து வைக்கக் கொடுத்த விலை அது. மற்ற இருவரும் ஏஐயைக் காட்டி வருமானத்தைக் கூட்ட முடிகிறது, ஜூமுக்கு இருப்பதைக் காப்பாற்றவே அது செலவாகிறது.

அதற்காக ஜூம் மூழ்குகிறது என்று சொல்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. 2025 தொடக்கத்தில் கையிருப்பு சுமார் 780 கோடி டாலர், கடன் இல்லை. வருஷத்துக்கு 180 கோடி டாலர் அளவுக்கு ரொக்கம் மிஞ்சுகிறது. அந்தப் பணத்தில் சொந்தப் பங்கையே திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். பெரிதாகத் தாவ நினைத்த ஒரு முறை கால் இடறியது: கால் சென்டர் மென்பொருள் விற்கும் ஃபைவ்9-ஐ 2021-ல் 1,470 கோடி டாலருக்குப் பங்கு கொடுத்து வாங்கப் பார்த்தார்கள், அந்த நிறுவனத்தின் பங்குதாரர்கள் ஓட்டுப்போட்டு மறுத்துவிட்டார்கள். அதன் பிறகு கால் சென்டர் மென்பொருளைச் சொந்தமாகவே செய்தார்கள். ஆபீஸ் தொலைபேசியும் விற்கிறார்கள். 2024 நவம்பரில் கம்பெனிப் பெயரிலிருந்து 'வீடியோ' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். வளர்ச்சிப் பங்கு வேண்டும் என்றால் இது இல்லை. பால் கறக்கும் மாடு வேண்டும் என்றால் பார்க்கலாம்.

நான் ஒவ்வொரு காலாண்டும் முதலில் தேடுவது, ஆன்லைனில் தாங்களே சந்தா கட்டும் சில்லறை வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் போகிறார்கள் என்ற எண்ணை. 2025 ஜனவரி காலாண்டில் மாதத்துக்கு 2.8 சதவீதம். கேட்கச் சின்னதாக இருக்கும். மாதாமாதம் மிஞ்சுபவர்களில் இத்தனை சதவீதம் என்று பன்னிரண்டு மாதம் கழித்துக்கொண்டே வாருங்கள், நூறில் கிட்டத்தட்ட 29 பேர் போயிருப்பார்கள். எங்கள் தெருவில் ப்ளஸ் டூவுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கும் டீச்சர் ஏப்ரலில் சந்தாவை நிறுத்திவிடுவார், ஜூனில் ஸ்கூல் திறந்ததும் வேறு மெயில் ஐடியில் சேருவார். ஜூமின் கணக்கில் அவர் ஒருமுறை போனவர், ஒருமுறை புதிதாக வந்தவர்.