58.93-க்கு அப்புறம் 58.69: அணு எடையா, அணு எண்ணா?

ஆவர்த்தன அட்டவணையில் எந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் இரண்டு எண்கள் இருக்கும். கோபால்ட் கட்டத்தில் அணு எண் 27 என்று ஒன்று, அணு எடை 58.93 என்று இன்னொன்று. பக்கத்து வீடான நிக்கலில் 28, 58.69. முதல் எண் ஒழுங்காக ஒன்று ஏறியிருக்கிறது, இரண்டாவது இறங்கியிருக்கிறது. பள்ளியில் படிக்கும்போது இதை அச்சுப்பிழை என்று நினைத்து என் புத்தகத்தில் பென்சிலால் திருத்தி வைத்திருந்தேன். பிழை என்னுடையதுதான். தனிமங்களை வரிசையில் உட்காரவைக்கும் உரிமை அணு எடைக்கா, அணு எண்ணுக்கா என்று வேதியியலில் பல ஆண்டுகள் ஒரு வழக்கு இழுத்துக்கொண்டிருந்தது. அந்த இரண்டு எண்களும் அதன் வாதியும் பிரதிவாதியும்.

எடைக்கு மூத்தவர் என்ற மரியாதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அணுவைப் பற்றி எண்ணாகச் சொல்ல அது ஒன்றுதான் கையில் இருந்தது. புரோட்டான் தெரியாது, அணுக்கரு தெரியாது, தராசு இருந்தது. 1869-ல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் அட்டவணை போட்டபோது அறிந்திருந்த தனிமங்கள் 63. அவற்றை எடையின் ஏறுவரிசையில் அடுக்கினால் குணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதுதான் அவர் பிடித்த நூல்.

ஆனால் ‘அணு எடை’ என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும். யாரும் அணுவைத் தட்டில் வைத்து நிறுக்கவில்லை. பெரிலியத்தை எடுத்துக்கொள்வோம். 8 கிராம் ஆக்ஸிஜனோடு சேரும் பெரிலியம் சுமார் 4.5 கிராம். தராசு சொல்வது இவ்வளவுதான். அணு எடை வேண்டுமென்றால் இதை இணைதிறனால், அதாவது ஓர் அணு எத்தனை ஹைட்ரஜன் அணுக்களோடு சேரும் அளவு என்ற எண்ணால், பெருக்க வேண்டும். இணைதிறன் 2 என்றால் 9, 3 என்றால் 13.5. பெரிலியம் ஆக்ஸைடு அலுமினியம் ஆக்ஸைடைப் போல நடந்துகொண்டதால் பலர் 3 என்றே எடுத்து, விடையை 14-க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே ஏற்கெனவே நைட்ரஜன் உட்கார்ந்திருக்கிறது. லித்தியத்துக்கும் (7) போரானுக்கும் (11) நடுவிலோ ஓர் இடம் காலி. மெண்டலீவ் 9 என்று மாற்றி அங்கே வைத்தார். 1884-ல் பெரிலியம் குளோரைடின் ஆவி அடர்த்தியை அளந்தபோது 9 உறுதியானது. யுரேனியத்துக்கும் இதே வைத்தியம்தான்: 120 என்றிருந்ததை இரட்டிப்பாக்கி 240 என்று எழுதினார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எடையை வைத்து அட்டவணை போடுகிறார், அப்புறம் அட்டவணையை வைத்து எடையைத் திருத்துகிறார். துணியை வைத்து முழக்கோலைச் சரிபார்ப்பது மாதிரி. சரியாக வந்தால் மேதைமை, தவறினால் பிடிவாதம்.

டெல்லூரியத்தில் தவறியது. குணத்தைப் பார்த்தால் அது கந்தகம், செலினியத்தின் குடும்பம். அயோடின் குளோரின், புரோமினின் குடும்பம். ஆக டெல்லூரியம் முந்தி, அயோடின் பிந்தி வர வேண்டும். எடையோ டெல்லூரியத்துக்குத்தான் அதிகம். 1869 அட்டவணையில் டெல்லூரியத்துக்கு 128 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார் மெண்டலீவ். 1871-ல் அதை 125 ஆக்கிவிட்டார். இன்றைய அளவு டெல்லூரியத்துக்கு 127.60, அயோடினுக்கு 126.90. அவர் கொடுத்த இருக்கை சரி. குறைத்து எழுதிய எடை தப்பு.

1894-ல் ஆர்கான் கண்டுபிடிக்கப்பட்டதும் எடையின் கட்சி இன்னும் பலவீனமாயிற்று. ஆர்கான் 39.95, பொட்டாசியம் 39.10. எடை சொல்வதை அப்படியே கேட்டால், தண்ணீரில் போட்டவுடன் தீப்பிடிக்கும் பொட்டாசியத்தை நியானுக்குக் கீழேயும், எதனோடும் சேராத ஆர்கானைச் சோடியத்துக்குக் கீழேயும் உட்காரவைக்க வேண்டும். அதற்கு யாருக்கும் மனசு வராது.

இனி எண். அது முதலில் வெறும் டோக்கன் நம்பர். வரிசையில் நிறுத்திய பிறகு ஒன்று, இரண்டு என்று கொடுத்தது, அவ்வளவுதான். அதற்கென்று சொந்தமாக ஓர் ஆதாரமும் கிடையாது. வரிசைக்கும் அணுக்கருவின் மின்னூட்டத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று வான் டென் புரூக் ஊகித்தார். அதை அளந்து காட்டியவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ஹென்றி மோஸ்லி, 1913-ல். தனிமங்களின் மீது எலக்ட்ரான்களை மோதவிட்டால் ஒவ்வொன்றும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை உமிழும். அந்தக் கதிரின் அதிர்வெண், அணு எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து வர்க்கம் எடுத்தால் வரும் எண்ணுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது.

நம் கோபால்டையும் நிக்கலையும் இதில் போட்டுப் பார்க்கலாம். கோபால்டுக்கு 27-ல் ஒன்று போக 26-ன் வர்க்கம் 676, நிக்கலுக்கு 28-ல் ஒன்று போக 27-ன் வர்க்கம் 729. வித்தியாசம் சுமார் 7.8 விழுக்காடு. அளந்து பார்த்தால் கோபால்டின் கதிருக்கு ஆற்றல் 6.93 கிலோ எலக்ட்ரான்வோல்ட், நிக்கலுக்கு 7.48. அதிர்வெண் எந்த விகிதத்தில் ஏறுமோ அதே விகிதத்தில்தான் ஆற்றலும் ஏறும். கணக்கிட்டுப் பாருங்கள், ஏறக்குறைய அதே விகிதம். எடையில் இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி அரை விழுக்காடுகூட இல்லை, அதுவும் தலைகீழாக. ஒரே கேள்விக்கு ஒன்று முணுமுணுக்கிறது, இன்னொன்று உரக்கச் சொல்கிறது.

என்னைக் கேட்டால், எண் வழக்கை வென்றது இங்கேகூட இல்லை, காலி இடங்களில்தான். மாலிப்டினத்தின் எடை 95.95, ருத்தேனியத்துக்கு 101.07. நடுவில் எத்தனை தனிமங்கள் ஒளிந்திருக்கின்றன? எடையின் படிகள் சீராக இல்லாததால் அதை வைத்து ஊகிக்கத்தான் முடியும். எண் 42, 44 என்று சொல்லிவிட்டால் பேச்சுக்கே இடமில்லை: ஒன்றே ஒன்று, 43. இப்படித்தான் 43, 61, 75 ஆகிய இடங்கள் காலி என்று தெரிந்தது. 75 ஆன ரீனியம் 1925-லும், 43 ஆன டெக்னீசியம் 1937-லும், 61 ஆன புரோமித்தியம் 1945-லும் கிடைத்தன. மோஸ்லி இவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. 1915-ல் கலிப்போலி போரில் 27 வயதில் இறந்துபோனார்.

சரி, எடை ஏன் தடுமாறியது? ஐசோடோப்புகள்தான் காரணம். தமிழில் இதற்கு ஓரிடத்தான் என்றும் ஒரு சொல் உண்டு. எடை வேறாக இருந்தும் அட்டவணையில் ஒரே இடத்தில் இருப்பவை என்ற பொருளைச் சொல்லே சொல்லிவிடுகிறது. அணு எண் என்பது அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கைதான். ஒரு தனிமத்தில் அது மாறாது, நியூட்ரான்களின் எண்ணிக்கை மாறலாம். அட்டவணையில் நாம் படிப்பது பூமியில் கிடைக்கும் கலவையின் சராசரி. பூமியின் ஆர்கானில் 99.6 விழுக்காடு ஆர்கான்-40. பாறைகளில் உள்ள பொட்டாசியம்-40 சிதைந்து உருவானது. அதாவது பொட்டாசியத்தை முந்தும் அந்தக் கூடுதல் கனமே பொட்டாசியத்திடமிருந்து வந்ததுதான்! சூரியனில் உள்ள ஆர்கானில் பெரும்பகுதி ஆர்கான்-36. அங்கே உட்கார்ந்து அட்டவணை போட்டிருந்தால் இந்த ஜோடி எடைப்படியே சரியாக அமைந்திருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு எடையைத் தோற்றவன் என்று ஒதுக்கினால் ஆய்வகத்தில் ஒரு வேலையும் ஓடாது. 23 கிராம் சோடியத்துக்கு 35.5 கிராம் குளோரின் சேர்ந்தால் 58.5 கிராம் உப்பு. இந்தக் கணக்கில் 11, 17 என்ற அணு எண்களால் துளி உதவி இல்லை. 35.45 எடையுள்ள குளோரின் அணு உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. முக்கால் பங்கு 35, கால் பங்கு 37. தராசுக்கு அந்தக் கவலை இல்லை. அதன் தட்டில் ஏறுவது கோடானுகோடி அணுக்கள், சராசரியே போதும். ஈயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும்: எந்தத் தாதுவிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து அதன் அணு எடை 206.14 முதல் 207.94 வரை மாறலாம் என்று இடைவெளியாகவே கொடுக்கிறார்கள். அணு எண் எங்கே போனாலும் 82.

எண்ணும் எல்லாம் தெரிந்ததில்லை. யாருக்கு அப்புறம் யார் என்று சொல்லும், வரிசையை எங்கே மடிப்பது என்று சொல்லாது. அது எலக்ட்ரான்களின் ஏற்பாடு. அங்கே இன்னும் சச்சரவு ஓயவில்லை: இட்ரியத்துக்குக் கீழே வர வேண்டியது 57 ஆன லாந்தனமா, 71 ஆன லுட்டீசியமா? ஓர் அட்டவணை ஒன்றைப் போடும், அடுத்தது மற்றதைப் போடும், இன்னொன்று கட்டத்தைக் காலியாக விட்டு நழுவிவிடும். உங்கள் கையில் இருப்பது எந்த ரகம் என்று பாருங்கள்.