இரண்டு லைன், ஒரு ஃபயர்வால்: மூன்று வருட அனுபவம்

தேவகோட்டையில் இருக்கும் பங்காளி அண்ணன் போன வாரம் கேட்டார்: "கானாடுகாத்தான் வீட்டில நீ போட்டிருக்கிற பிஎஃப்சென்ஸ் பெட்டியை நானும் வாங்கிப் போடவா?" பிஎஃப்சென்ஸ் என்பது இணைய லைன்களுக்கும் வீட்டுக் கருவிகளுக்கும் நடுவில் நின்று, எது எந்த வழியில் போகலாம் என்று முடிவு செய்யும் ஃபயர்வால் மென்பொருள். போனில் சொல்லித் தீராது என்பதால் எழுதுகிறேன்.

என் பெட்டியில் இரண்டு இணைய லைன்கள்: ஃபைபர் டியர் 1, அதாவது முதல் வழி; 4ஜி சிம் டியர் 2, அதாவது மாற்று வழி. ஃபைபர் போனால் ஒரு நிமிடத்துக்குள் சிம்முக்கு மாறிவிடும். போன மாதம் வளவில் உட்கார்ந்து சிங்கப்பூரில் இருக்கும் மகளோடு பேசிக்கொண்டிருந்த ஆச்சிக்குப் படம் ஒரு தடவை நின்று வந்தது, அவ்வளவுதான். லைன் இருக்கிறதா என்று பெட்டி விடாமல் கேட்டுப் பார்க்கும் முகவரிதான் மானிட்டர் ஐபி. அதற்கு மட்டும் வீட்டு மோடத்தைக் கொடுத்துவிடாதீர்கள். வெளியே கம்பி அறுந்தாலும் மோடம் பதில் சொல்லும், பெட்டியும் லைன் இருப்பதாக நம்பும். ஒரு லைனுக்கு கூகுளின் 8.8.8.8, இன்னொன்றுக்கு கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்று வேறு வேறாகக் கொடுங்கள்.

இனி என் ஆத்திரத்துக்கு வருகிறேன். ஆறு கேமராக்கள் பதிவைக் கிளவுடுக்கு அனுப்புகின்றன. சிம்மில் நாளுக்கு 2 ஜிபிதான். அதனால் கேமராக்கள் ஃபைபர் வழியாக மட்டும் போகட்டும் என்று கேட்வே (வெளியே போகும் வழி) குறிப்பிட்டு ரூல் (விதி) எழுதினேன். ஆடிக் காற்றில் ஒரு நாள் விடியற்காலை ஃபைபர் அறுந்தது. பத்து மணிக்குள் 2 ஜிபியும் காலி. இரண்டடிச் சுவருக்குள் செல்போன் சிக்னலும் வராது. வீட்டில் வாடகைக்குத் தங்கி, அறையைக் காலி செய்ய வந்த விருந்தினர்கள் யுபிஐயில் பணம் கட்ட முகப்புத் திண்ணைக்கும் தெருவுக்குமாக நடந்தார்கள்.

காரணம் இதுதான். ரூலில் சொன்ன கேட்வே விழுந்துவிட்டால், இந்த ஃபயர்வால் அந்த ரூலை நீக்குவதில்லை, கேட்வேயை மட்டும் விட்டுவிட்டு ரூலை வைத்துக்கொள்கிறது. டிராஃபிக் டிஃபால்ட் வழியில், அதாவது என் சிம்மில், போய்விடுகிறது. ஆவணத்தில் எழுதியிருக்கிறது, படிக்காதது என் தவறு. சரி. ஆனால் "இந்த வழியில் மட்டும் போ" என்று சொன்னவனுக்கு, அந்த வழி இல்லாதபோது வேறு வழி திறந்துவிடுவதை எப்படி ஏற்பது? அட்வான்ஸ்டு அமைப்பில், மிஸலேனியஸ் பக்கத்தில், ஒரு டிக் போட்டால்தான் ரூல் முழுதாக விலகும். அதுவும் போதாது. அடியிலுள்ள பொது அனுமதி ரூல் கேமராவையும் சிம் வழியாக வெளியே விட்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் கேமராக்களைத் தடுக்கும் ரூல் ஒன்றும் வேண்டும்.

இப்போது எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. அந்தப் பெட்டியை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். ஆனாலும் அண்ணனுக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். அங்கே பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்க்க ஆள் இல்லை.

வாங்கியே தீருவேன் என்றால், கேமராவெல்லாம் மாட்டி முடித்த அப்புறம் ஃபைபர் கம்பியைக் கையால் பிடுங்கிவிட்டு, 4ஜி பக்கத்து டிராஃபிக் கிராஃபைப் பத்து நிமிடம் பாருங்கள், அண்ணே.