ட்ரூலியும் போல்டனும்: விமானி இருக்கையிலிருந்து நாசாவின் தலைமைக்கு

ரிச்சர்ட் ட்ரூலி அமெரிக்கக் கடற்படை விமானி. சார்லஸ் போல்டன் மரைன் படை விமானி, வியட்நாம் போரில் நூற்றுக்கும் மேற்பட்ட முறை பறந்தவர். இருவரும் விண்வெளி ஓடத்தை ஓட்டியபின் நாசாவின் தலைவரானார்கள்.

ட்ரூலி பறந்தது இரண்டே முறை. 1981இல் கொலம்பியா ஓடத்துக்கு மின்சாரம் தரும் எரிமின்கலம் ஒன்று பழுதாக, ஐந்து நாள் பயணம் இரண்டு நாளில் முடிந்தது. 1983இல் சேலஞ்சர் ஓடத்தை இரவில் ஏவி, இரவிலேயே தரையிறக்கினார். போல்டனுக்கு நான்கு பயணங்கள். 1990இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியைச் சுற்றுப்பாதையில் விட்டது அவற்றில் ஒன்று.

நிர்வாகத்தில்தான் பெரிய வேறுபாடு. 1986 பிப்ரவரியில், சேலஞ்சர் வெடித்த சில வாரங்களில், ஓடத் திட்டம் ட்ரூலியின் கைக்கு வந்தது. குளிரில் விறைத்த ரப்பர் வளையம் சூடான வாயுவைத் தடுக்கத் தவறியதே விபத்துக்குக் காரணம். அந்த வளையம் இருந்தது ஓடத்தை மேலே உந்தும் திட எரிபொருள் பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில். எனவே அந்த இணைப்புகளில் மூன்றாவது வளையமும், இணைப்பு விரியாமல் பிடிக்கும் உலோக விளிம்பும், சூடேற்றிகளும் சேர்க்கப்பட்டன. 1988 செப்டம்பர் 29இல் டிஸ்கவரி ஓடத்தோடு பயணங்கள் மீண்டும் தொடங்கின. 1989இல் தலைவரானவர் 1992இல் வெள்ளை மாளிகையோடு ஒத்துப்போகாமல் விலக நேர்ந்தது. என் கணிப்பில் அது நாசாவுக்கு இழப்பு.

போல்டன் 2009 முதல் 2017 வரை நீடித்தார். 2011இல் ஓடங்கள் ஓய்வுபெற, வீரர்களை ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில் அனுப்பிக்கொண்டே 2014இல் ஸ்பேஸ்எக்ஸ், போயிங் நிறுவனங்கள் இரண்டுக்கும் வீரர்களை ஏற்றிச் செல்லும் ஒப்பந்தம் கொடுத்தார்.