கண்டென்சர் நிற்காத மைக்ராஸ்கோப்: கொசுப்புழு ஒட்டுண்ணி பார்க்கிறவனின் அனுபவம்

மைக்ராஸ்கோப் போன வாரம்தான் மறுபடியும் ரிப்பேருக்குப் போய் வந்தது. அந்த நேரம் பார்த்து, கருங்கல் ஊர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் எடுக்கிற நண்பர், "மக்கா, ஒனக்க கிட்ட இருக்க அதே மாடலுக்கு இப்ப விலை கொறஞ்சிருக்கு, பிள்ளைகளுக்கு வாங்கிப் போடலாமா?" என்று கேட்டார். அவருக்குப் பதில் எழுதப் போய் அது நீண்டுவிட்டது. வாங்க நினைக்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே போடுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். இரண்டு கண் வைத்துப் பார்ப்பது, நாலு லென்ஸ், எல்.இ.டி. விளக்கு, இதெல்லாம் தெரிந்ததுதான்.

நான் இதில் பார்ப்பது கொசுப்புழுவின் உடம்புக்குள் வாழும் ஒட்டுண்ணிகளை. எங்கள் ரப்பர் தோட்டம் குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் ரப்பர் வெட்டு நின்றுபோகும், பால் பிடிக்கிற சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்காமல் விட்டால் தண்ணீர் தேங்கி ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவின் புழு நெளியும். வீட்டுக்கு வீடு கொசு மருந்து அடிக்கிறோம், ஆனால் அந்தச் சிரட்டைத் தண்ணீரிலேயே புழுவுக்குள் புகுந்து வாழ்கிற உயிர்கள் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்க ஆள் குறைவு. அதனால்தான் சொந்தக் காசு போட்டு வாங்கினேன்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். இதன் கண்டென்சர், அதாவது ஸ்லைடுக்குக் கீழே இருந்து வெளிச்சத்தைக் குவித்துக் கொடுக்கிற பகுதி, நிற்காது. மேலே ஏற்றி வைத்தால் தன் கனத்திலேயே மெதுவாக, கண்ணுக்குத் தெரியாமல் இறங்கும். ஒரு ஸ்லைடைப் பார்த்து முடிப்பதற்குள் சில மில்லிமீட்டர் கீழே போயிருக்கும். கையால் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பார்கள். வெங்காயத் தோலைப் பார்க்கிறவருக்கு அது சரி. கொசுப்புழுவில் மைக்ரோஸ்போரிடியா என்கிற, செல்லுக்குள் வாழும் நுண்ணிய ஒட்டுண்ணியைத் தேடுகிறவருக்கு இந்த ஒரு குறை போதும், பார்த்தது என்ன என்பதே மாறிப்போகும்.

ஏன் என்று சொல்கிறேன். மைக்ரோஸ்போரிடியா பிடித்த புழு வெள்ளையாகத் தெரியும், நெஞ்சிலும் வயிற்றுக் கண்டங்களிலும் சுண்ணாம்பு அப்பியது மாதிரி திட்டுத் திட்டாக. ஆனால் நன்றாகத் தின்று கொழுத்த ஆரோக்கியமான புழுவின் கொழுப்புத் திசுவும் வெள்ளைதான், வெறும் கண்ணால் பார்த்து முடிவு சொல்லவே கூடாது. புழுவை ஒரு சொட்டு உப்புத் தண்ணீரில் வைத்து ஊசியால் கிழித்து, கவர் சிலிப் போட்டு, 40 மடங்கு லென்ஸிலும் பிறகு எண்ணெய் விட்டு 100 மடங்கு லென்ஸிலும் பார்க்க வேண்டும். ஸ்போர் (ஒட்டுண்ணியின் வித்து) என்றால் சுமார் 5 மைக்ரான் நீளம், எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே முட்டை வடிவம், ஒரு முனையில் வெளிறிய குமிழ். கொழுப்புத் துளி என்றால் பெரிதும் சிறிதுமாகக் கலந்து, முழு வட்டமாக, உள்ளே ஒன்றும் இல்லாமல் பளபளக்கும். கண்டென்சர் தன் இடத்தில் இருந்தால் இந்த வித்தியாசம் தெளிவு. அது இறங்கிவிட்டால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டயாஃப்ரத்தை இறுக்கி மூடியது போல ஆகி, எல்லாவற்றையும் சுற்றிக் கறுப்பு வளையம் விழுந்து, ஸ்போரும் மின்னும் கொழுப்பும் மின்னும், அந்த முனைக் குமிழ் காணாமல் போய்விடும். ஜீம்சா சாயம் போட்டால் குழப்பம் குறையும்தான். ஆனால் எந்தப் புழுவைச் சாயத்துக்கு எடுப்பது என்று தீர்மானிப்பதே சாயம் போடாத இந்தப் பச்சை ஸ்லைடை வைத்துத்தானே.

கம்பெனியின் சர்வீசுக்குப் போன் செய்தால், "முழு செட்டா மாத்தணும் சார், செட்டு இப்ப ஸ்டாக் இல்ல" என்ற ஒரே பாட்டு. உத்தரவாதக் காலத்திலும் அதே பதில், அது முடிந்த பிறகும் அதே பதில். கடைசியில் நாகர்கோவிலில் பழைய சர்வே கருவிகளைப் பழுது பார்க்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். கண்டென்சரை ஏற்றி இறக்கும் திருகைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பல்லு நல்லாத்தான் இருக்கு, பிடிமானந்தான் இல்ல" என்று சொல்லி மெல்லிய நைலான் வாஷர் ஒன்றை வைத்துக் கொடுத்தார். சில மாதம் நின்றது. வாஷர் தேய்ந்ததும் மறுபடி இறங்க ஆரம்பித்தது. இந்த முறை வேறு வாஷர். பார்ப்போம்.

நியாயமாகச் சொன்னால், 40 லென்ஸ் அருமை. இந்த விலைக்கு இப்படி ஒரு லென்ஸை நான் எதிர்பார்க்கவே இல்லை (கவர் சிலிப் மட்டும் 0.17 மில்லிமீட்டர் தடிமனில் வாங்குங்கள், மலிவான தடித்த சிலிப் போட்டால் எந்த நல்ல லென்ஸும் மங்கித்தான் தெரியும்). முதல்முறை சிரட்டைப் புழுவின் குடலை உருவிப் போட்டுப் பார்த்தபோது, நடுக்குடலின் சுவரை ஒட்டி வெள்ளரி விதை மாதிரி நீண்ட உருவங்கள், ஒவ்வொன்றின் உள்ளேயும் தெளிந்த வட்டமாக நியூக்ளியஸ். ஒன்று சுவரை விட்டுப் பிரிந்து, கால் இல்லை, துடுப்பு இல்லை, அப்படியே வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. கிரிகரைன் என்கிற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. ஏடிஸில் வருகிற அஸ்கோகிரிகரைனா. 1890களில் ரொனால்ட் ராஸ் மலேரியாவைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் ஏடிஸ் கொசுவில் கண்டு எழுதிய இனம் இதன் நெருங்கிய சொந்தம். அல்போபிக்டஸுக்கு உரியது என்று டைவானென்சிஸ் என்கிற இனத்தை 1980இல்தான் தனியாகப் பிரித்தார்கள். உருவத்தை மட்டும் பார்த்து நான் இனம் சொல்ல மாட்டேன். புழுவுக்கு இதனால் பெரிய கெடுதல் கிடையாது, கொசுவை ஒழிக்க இதை நம்பவும் முடியாது. ஆனாலும் ஒரு சிரட்டைத் தண்ணீருக்குள் இப்படி ஒரு வாழ்க்கை நடக்கிறது என்று கண்ணால் பார்த்த அந்த ராத்திரி நான் தூங்கவில்லை.

அப்புறம் குளத்துக் கியூலெக்ஸ் கொசுவின் புழுவில் எட்டு எட்டாகப் பொதிந்த ஸ்போர்களையும் இதே லென்ஸில்தான் பார்த்தேன். மைக்ரோஸ்போரிடியாவில் ஒன்றான ஆம்பிளியோஸ்போரா வகையின் ஸ்போர்கள் புழுவுக்குள் அப்படித்தான் எட்டாகப் பொதிந்திருக்கும், இடையில் அவை தண்ணீரில் வாழும் சிறு ஓட்டுடலியான கோப்பிபாடுக்குள் ஒரு சுற்று வாழ்ந்து வரும். உறுதியாகச் சொல்ல டி.என்.ஏ. பார்க்க வேண்டும். புழுவின் வெளித்தோலில் காம்போடு ஒட்டியிருக்கும் வோர்டிசெல்லா என்கிற ஒற்றைச் செல் உயிரைப் பார்த்து யாரும் ஒட்டுண்ணி என்று எழுத வேண்டாம், அது சும்மா சவாரி செய்கிறது.

இன்னும் பார்க்கக் கிடைக்காதது சீலோமோமைசஸ் பூஞ்சை. புழுவின் உடம்பு முழுக்கத் துரு நிறத்தில் முட்டை வடிவப் பைகள் நிறைந்திருக்கும், 10 லென்ஸிலேயே தெரிந்துவிடும், ஆனால் பையின் சுவரில் இருக்கும் குழி வேலைப்பாட்டை வைத்துத்தான் இனம் பிரிக்க முடியும், அதற்கு 100 லென்ஸும் அசையாத கண்டென்சரும் வேண்டும். அனாபிலிஸ் புழுவிலிருந்து இதன் இரண்டு இனங்களை 1935இல் விவரித்தவர் எம்.ஓ.டி. ஐயங்கார். திருவிதாங்கூரில் யானைக்கால் நோயையும் அதைப் பரப்பும் கொசுக்களையும் ஆராய்ந்தவர் அவரேதான், அன்றைக்கு நம் மாவட்டமும் திருவிதாங்கூர்தான். அவர் வேலை செய்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பல்சக்கரத்தின் பிடிமானத்துக்காக நான் தொங்கிக்கொண்டிருப்பதை நினைத்தால் கோபம் தலைக்கு ஏறுகிறது.

விளக்கு நல்லது, கரண்ட் போனாலும் பேட்டரியில் எரியும். நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கள், அது எந்தக் கருவிக்கும் உள்ளது.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். லென்ஸ் நல்லது, விலை குறைவு, எல்லாம் சரி, இருந்தும் வேண்டாம். கண்டென்சர் இறங்கியது எனக்குத் தெரியும், ஏற்றிக்கொள்வேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு யார் சொல்லுவார்கள்? அது கொழுப்புத் துளியைப் பார்த்து ஸ்போர் என்று நோட்டில் வரைந்துவிட்டுப் போகும். வேறு எதைக் கடையில் பார்த்தாலும் கண்டென்சரை முழுக்க மேலே ஏற்றிவிட்டு, வெளியே போய் ஒரு சாயா குடித்துவிட்டு வந்து பாருங்கள், ஏற்றிய இடத்திலேயே நின்றால் அதன் பிறகு லென்ஸைப் பற்றிப் பேசலாம்.

என்னுடையதை நான் விற்கப் போவதில்லை. யாரிடமாவது இதே மாடல் உடைந்து கிடந்தால் சொல்லுங்கள், கண்டென்சர் ஏற்றி இறக்கும் அந்தப் பகுதி மட்டும் போதும், தக்கலையோ மார்த்தாண்டமோ நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.