பாஷ்-கம்ப்ளீஷன்: டேப் காட்டாத ஃபைலும் இருக்கும்

உபுண்டுவில் பல வருடமாக பாஷ்-கம்ப்ளீஷன் பேக்கேஜைத்தான் நம்பியிருக்கிறேன். டெர்மினலில் நாம் அடிக்கும் கமாண்டுகளை வாங்கி இயக்குவது பாஷ், அதில் டேப் தட்டினால் மீதியை நிரப்ப உதவுவது இந்தப் பேக்கேஜ். கிட் பிராஞ்ச் பெயரோ, எஸ்எஸ்ஹெச் சர்வர் பெயரோ, இரண்டு எழுத்து அடித்து டேப் தட்டினால் மீதியை அதுவே நிரப்பிவிடும். அது இல்லாத கணினியில் உட்கார்ந்தால் எனக்குக் கையே ஓடாது.

போன வாரம் இதே பேக்கேஜால் ஒரு சாயங்காலம் வீணாகப் போனது. குடும்ப ஃபோட்டோக்களை வைத்திருந்த ஜிப் ஃபைலை, நெட்டிலிருந்து ஃபைல் இறக்கும் டபிள்யூகெட் (wget) கமாண்டில் இறக்கும்போது பாதியில் நெட் போய்விட்டது. மறுபடி அதே கமாண்டை அடித்தேன், விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லும் ஆப்ஷனைப் போடவில்லை, அதனால் அது பாதி ஃபைலை அப்படியே விட்டுவிட்டு, புதியதைக் கடைசியில் ".1" சேர்த்துத் தனியாக வைத்துவிட்டது. நான் அதைக் கவனிக்கவில்லை. ஜிப்பைப் பிரிக்கும் அன்ஜிப் (unzip) கமாண்டை அடித்து டேப் தட்டினேன், ஒரே ஃபைல் வந்தது, என்டர் தட்டினால் பிழை. திரும்ப இறக்கினேன், திரும்பவும் அதே பிழை. ஃபோட்டோக்களே போய்விட்டன என்று பயந்து, கடைசியில் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) போட்டுப் பார்த்தால் மூன்று ஃபைல்கள் வரிசையாக இருக்கின்றன!

விஷயம் இதுதான். அன்ஜிப்புக்கு எந்தெந்த எக்ஸ்டென்ஷன் (ஃபைல் பெயரின் கடைசிப் பகுதி) பொருந்தும் என்று இந்தப் பேக்கேஜ் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஏபிகே, ஈபப், டாக்எக்ஸ் கூட அதில் உண்டு, உள்ளே அவையும் ஜிப்தானே, நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். ".1", ".2" என்று முடியும் ஃபைல்கள் அதன் கண்ணில் படாது, அதனால்தான் ஒவ்வொரு முறையும் பாதி ஃபைலே வந்தது.

கேட் (cat), எல்எஸ் மாதிரி கமாண்டில் டேப்புக்கு வருகிற ஃபைல் வேறொரு கமாண்டில் வரவில்லையா, சிக்கல் ஃபைலில் இல்லை, இந்த வடிகட்டலில்தான். அப்போது டேப்பை விட்டுவிட்டு ஆல்ட்டோடு சாய்கோடு (/) அழுத்துங்கள், பாஷ் இந்தப் பட்டியலைப் பார்க்காமல் ஃபைல் பெயரை நேரடியாக நிரப்பும். ஆல்ட் வேலை செய்யாத டெர்மினலில் எஸ்கேப் தட்டி, அப்புறம் சாய்கோடு. எதுவுமே பொருந்தாதபோது வடிகட்டாமல் காட்டச் சொல்லும் செட்டிங் ஒன்றும் இருக்கிறது, ஆனால் எனக்கு அது உதவியிருக்காது, பாதி ஃபைல்தான் பொருந்திவிட்டதே.

பேக்கேஜை நான் நீக்கவில்லை, நீங்களும் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். எதையோ மறைத்திருக்கிறேன் என்று டேப் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்கு இதில் வேறு குறையே இல்லை.