கொழுப்பை எரிப்பதில் வெட்டுக்கிளித் தசையா, நம் தசையா?

கொழுப்பு அமிலப் பாடத்தை மனிதத் தசையில் தொடங்குவதே வழக்கம். இந்த ஆண்டு நான் பாலைவன வெட்டுக்கிளியின் பறக்கும் தசையிலிருந்து தொடங்கினேன். இனியும் அப்படியே செய்வேன்.

மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நடப்பதில் பெரிய வேறுபாடில்லை. இரண்டிலும் கொழுப்பு அமிலம் இரண்டிரண்டு கார்பனாக வெட்டப்படுகிறது. சேமிப்பிலிருந்து தசைவரை வந்துசேரும் வழியில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் கொழுப்புத் திசு, அமிலங்களைத் தனித்தனியாக இரத்தத்தில் விடுகிறது. அப்படியே விட்டால் அவை செல் சவ்வுகளைச் சிதைக்கும். ஆகவே அல்புமின் என்ற இரத்தப் புரதம் அவற்றைச் சுமக்கிறது. ஒரு மூலக்கூறுக்குச் சிலதான் ஏறும். உச்சத் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டி ஓடினால், நம் தசை கொழுப்பைக் குறைத்துச் சர்க்கரையின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

வெட்டுக்கிளியும் சர்க்கரையில்தான் கிளம்புகிறது. பறப்பு நீளும்போது ஒரு ஹார்மோன் ஆணையிட, கொழுப்பு உறுப்பு டைகிளிசரைடுகளை, அதாவது இரண்டு கொழுப்பு அமிலங்கள் கோத்த மூலக்கூறுகளை, வெளியே அனுப்புகிறது. லிப்போஃபோரின் என்ற புரதத் துகள் அவற்றை நூற்றுக்கணக்கில் ஏற்றிக்கொள்கிறது. சுமை கூடக் கூட, இன்னொரு சிறு புரதம் வந்து ஒட்டி, விரியும் பரப்பைப் போர்த்துகிறது. தசையருகே நொதி கொழுப்பை உடைத்து இறக்கியதும் அந்தச் சிறு புரதம் கழன்றுகொள்ள, துகள் தண்ணீர் லாரியைப் போல மறுபடி நிரப்பிக்கொள்ளத் திரும்புகிறது. நம் கல்லீரல் அனுப்பும் கொழுப்புத் துகள்களோ கடைசியில் செல்லுக்குள் இழுக்கப்பட்டுச் சிதைக்கப்படுகின்றன. அல்புமினும் திரும்பத் திரும்பப் பயன்படுவதுதான். ஆனால் அதன் சுமை சிறிது.

தசைக்குள்ளும் ஏற்பாடு பலமானது. கொழுப்பு அமிலத்தை ஏந்திச் செல்லும் புரதம், வளர்ந்த வெட்டுக்கிளியின் பறக்கும் தசையில் கரையும் புரதங்களில் ஏறத்தாழ 18 சதவீதம். நம் இதயத் தசையிலும் இதன் உறவினர் உண்டு, இவ்வளவு இல்லை. இறக்கை முளைக்காத குஞ்சுகளில் இது காணப்படுவதே இல்லை! 1988இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் தீவுகளில் இறங்கிய கூட்டங்களை நினைத்தால், இந்த ஏற்பாட்டின் மதிப்பு புரியும்.

வெற்றி முழுவதையும் லிப்போஃபோரினுக்கே கொடுத்துவிட முடியாது. காற்றுக்குழாய்கள் ஆக்சிஜனைத் தசைக்கு நேரடியாகத் தருவதும் சேர்ந்தே வேலை செய்கிறது. எல்லாப் பூச்சிகளுக்கும் இதை நீட்டவும் நான் துணியமாட்டேன்: தேனீ சர்க்கரையில் பறக்கிறது, செட்சி ஈ புரோலின் என்ற அமினோ அமிலத்தை எரிக்கிறது. நீரிழிவையோ இதய நோயையோ படிக்க வருபவர்கள் மனிதத் தசையிலேயே தொடங்கட்டும்.